நாற்றங்கால் ஒன்றுதான்

(தஞ்சாவூரில் ஓய்வூதியர்களின் மாலைக் கூட்டமொன்றில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "சர்க்கரை, மூட்டுவலி, கண்புரை எல்லாம் பேசியாயிற்று டாக்டர். இந்த மாதம் புதுசாக ஏதாவது பேசுங்கள்" என்றார். "அறுபது வயசுக்கு மேல் தலையில் முடி நடுவதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். "கூட்டம் வரும் டாக்டர். ஆனால் அதற்காகத்தான் வந்தேன் என்று ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்" என்றார்.

வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் நாலைந்து பேர் தொப்பியோடு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. மாலை ஆறரை மணிக்கு வெயில் எங்கே அடிக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலையைச் செய்து சம்பாதிப்பவன். புடவைக் கடைக்காரர் புடவையைப் பற்றிப் பேசினால் எவ்வளவு கழித்துக்கொண்டு கேட்பீர்களோ, அவ்வளவு என் பேச்சிலும் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் வந்தார். 64 வயது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது காதுக்குப் பக்கத்திலேயே வகிடு எடுத்து, அங்கே வளர்ந்த ஒரு சாண் முடியை உச்சி வழியாக வலது காதுவரை கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். நான் இதைக் கடன் வாங்கி வாருவது என்பேன். அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி. உட்கார்ந்ததுமே வலது கை எழுந்துபோய்த் தலையை அமுக்கிக்கொண்டது. பேசிய இருபது நிமிஷமும் இறங்கவே இல்லை.

கூட வந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, "பேத்தி எடுத்தாச்சு. இனிமே யாருக்குக் காட்டணும்னு நீங்களே கேளுங்க டாக்டர்" என்றார்.

"யாருக்கும் காட்ட வேணாம் டாக்டர்" என்றார் அவர். "காத்து அடிச்சா கை மேல போகுது. இருபத்தஞ்சு வருஷமாப் போகுது. பஸ்ல ஜன்னலோரம் உக்கார்றதில்ல. ஆத்துல முங்கறதில்ல. இந்தக் கையைக் கீழ இறக்கணும். அவ்வளவுதான்."

இருபத்தைந்து வயதுப் பையன்கள் என்னிடம் வந்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான், கல்யாணம். அறுபதைத் தாண்டியவர்கள் சொல்லும் காரணங்கள் பலவிதம். மகள் கல்யாண வீடியோவில் தன் தலையை மேலிருந்து முதல்தடவையாகப் பார்த்துத் திடுக்கிட்டவர் உண்டு. மனைவி போன பிறகு கண்ணாடியில் தெரிபவர் தன் அப்பாவைப் போல இருக்கிறார், அது பிடிக்கவில்லை என்றவர் உண்டு. நாற்பது வயதில் கையில் காசில்லை, இப்போது இருக்கிறது, அவ்வளவுதான் என்றவரும் உண்டு. நம் அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது, பிறகு 60 ஆக்கியது. ஆசைக்கு ஓய்வு வயது இன்னது என்று அரசாணை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே ஏன் என்று கேட்டுச் சிரிக்கிற வேலையை விட்டுவிடுவோம். முடியுமா, எவ்வளவு முடியும், யாருக்குக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

முடி நடுவதை நான் பல வருடம் நெல் நடவை வைத்துத்தான் விளக்கிவந்தேன். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு உவமை கிடையாது. பிடரி நாற்றங்கால், வழுக்கை வயல், பறித்து நடுகிறோம், அவ்வளவுதான் என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி மட்டும் தலையாட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாத்து தூர் கட்டும் டாக்டர். ஒண்ணு நட்டா பத்தாகும். இது தூர் கட்டுமா?" என்றார்.

கட்டாது. ஒன்று நட்டால் ஒன்றுதான். பறித்த இடத்தில் திரும்ப முளைக்கவும் முளைக்காது. அதாவது, விதை தெளிக்க முடியாத, ஒரே ஒரு நாற்றங்கால். ஆயுளுக்கும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். என் உவமையின் ஓட்டையை அவர் ஒரு கேள்வியில் காட்டிவிட்டார். இந்தச் சிகிச்சையின் மொத்தச் சூட்சுமமும் அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது.

வழுக்கை எல்லா முடியையும் தின்பதில்லை. நெற்றியையும் உச்சியையும் தின்றுவிட்டு, காதுகளுக்கு மேலும் பிடரியிலுமாக லாட வடிவில் கொஞ்சம் விட்டுவைக்கிறது. எண்பது வயதுத் தாத்தாவுக்கும் அந்த லாடம் இருக்கும். காரணம் ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மயிர்க்காலில் டிஎச்டி என்ற வேறொன்றாக மாறுகிறது. பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு நெற்றி, உச்சி மயிர்க்கால்கள் அதைத் தாங்குவதில்லை. ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் முடி முன்னைவிட மெலிந்து குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாக நின்றுவிடுகிறது. பிடரி மயிர்க்கால்களை டிஎச்டி ஒன்றும் செய்வதில்லை. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1942-இல் இதற்கு அடிப்படை போட்டார். பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கே டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால், குடும்பத்தில் வழுக்கை இருப்பவர்களுக்கு விழுகிறது என்று கண்டார். ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரை மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும். எண்ணெய் மாற்றினேன், ஷாம்பு மாற்றினேன், போர் தண்ணீர் சரியில்லை என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, பிடரி முடியைக் கொண்டுபோய் நெற்றியில் வைத்தால் அங்கேயும் அது தன் பிடரிக் குணத்தோடு இருக்குமா, நெற்றிக் குணத்துக்கு மாறிவிடுமா? நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1952-இல் தொடங்கிய வேலை இதற்கு விடை சொன்னது. பிடரித் தோலை வட்டமாக வெட்டி வழுக்கையில் வைத்தார். வழுக்கைத் தோலை வெட்டிப் பிடரியில் வைத்தார். பிடரி முடி நெற்றிக்குப் போயும் வளர்ந்தது. வழுக்கைத் தோல் அடர்ந்த முடிக்கு நடுவே குடியேறியும் வழுக்கையாகவே இருந்தது. அவர் கட்டுரை அச்சானது 1959-இல். ஆனால் 1939-லேயே ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் தழும்பு விழுந்த தலையிலும் புருவத்திலும் இதே போலத் துளைக்கருவியால் எடுத்து நட்டு, விவரமாக எழுதி வைத்திருந்தார். எழுதியது ஜப்பானிய மொழியில். அடுத்தது உலகப் போர். மேற்கே யாரும் அதைப் படிக்கவில்லை. போரில்லாதிருந்தால் இன்று பாடப்புத்தகத்தில் முதல் பெயர் யாருடையதாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஓரன்ட்ரைக் காலத்து வேலைப்பாடு அழகில் சுமார்தான். ஒவ்வொரு துண்டும் 4 மில்லிமீட்டர் அகலம். ஒன்றில் பதினைந்து இருபது முடி. பொம்மைத் தலையில் கொத்துக் கொத்தாக முடி தைத்திருப்பார்களே, அப்படி இருக்கும். அந்தக் காலத்திலேயே வயதானவர்கள் துணிந்து செய்துகொண்டார்கள். அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் 1972-இல் செய்துகொண்டபோது அவருக்கு 56 வயது. அதை அவர் மறைக்கவும் இல்லை. 2004-இல் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி, 67 வயதில், முடி நட்ட தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரை வரவேற்றார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. நம் ஊரில் நேர்மாறான பெருமிதமும் உண்டு. ரஜினிகாந்த் திரையில் எப்படியோ, மேடைக்கு வழுக்கையோடுதான் வருகிறார். இரண்டும் எனக்குப் பிடிக்கும். துணி கட்டி மறைத்துக்கொண்டு, 'மாடிப்படியில் இடித்துக்கொண்டேன்' என்று சொல்கிறவரைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

இப்போதைய முறைக்கு வருவோம். முடி ஒவ்வொன்றாகத் தனித்தனியே முளைப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு என்று சேர்ந்து ஒரே குத்தாக முளைக்கிறது. நடவில் குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைப்போமே, அதே கணக்கு. ஹெடிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1984-இல் இதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். டெக்சஸ் மாநிலத்தில் லிம்மர் என்பவர் 1988 முதல் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக் குத்துக் குத்தாகப் பிரித்து நட ஆரம்பித்தார். அதிலிருந்துதான் பொம்மைத் தலை போய் மனிதத் தலை வந்தது. எடுப்பதற்கு இரண்டு வழி. பிடரியில் ஒரு பட்டையாகத் தோலை எடுத்துத் தைத்துவிட்டு, அந்தப் பட்டையைப் பிரிப்பது எஃப்.யூ.டி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைக்கருவியால் ஒவ்வொரு குத்தாகத் தோண்டி எடுப்பது எஃப்.யூ.ஈ. விளம்பரமெல்லாம் இரண்டாவதற்குத்தான். ஆனால் வயதானவர்களுக்கு முதல் முறையிலும் லாபம் உண்டு. தலைத்தோல் தளர்ந்திருப்பதால் தையல் இழுக்காமல் மூடும்; பின்னால் முழுக்க மழிக்க வேண்டியதில்லை; மேலே இருக்கிற முடி தழும்பை மறைத்துக்கொள்ளும்.

எடுத்த குத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் எல்லாருக்கும் ஒரு ஏமாற்றம். 'இவ்வளவுதானா?' என்பார்கள். முனையில் சின்ன வெண்ணிறக் குமிழோடு ஒரு முடித்துண்டு, அவ்வளவுதான். அதைச் சுற்றிக் கண்ணாடி போல மெல்லிய திசு. அந்தக் குமிழ் அறுந்தால் போயிற்று. வேர் அறுந்த நாற்று. ஐந்து நிமிஷம் மின்விசிறிக் காற்றில் காய்ந்தாலும் போயிற்று. அதனால் குளிர்ந்த உப்புநீரில் மிதக்கவிடுகிறோம்.

இனி கணக்கு. இங்கே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெற்றி முதல் உச்சிவரை முழுக்கப் போய்விட்ட ஒருவருக்குக் காலி மனை 200 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாது. இளமையில் அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 70 முதல் 80 குத்து இருந்திருக்கும். ஆக, போனது 14,000-க்கு மேல். லாடத்திலிருந்து, பின்னால் வெறுமை தெரியாமல், ஆயுளில் எடுக்கக்கூடியது சராசரியாக 5,000, 6,000 குத்து. வயதானவர்களில் பலருக்கு அதுவும் தேறாது. வரவு மூன்றில் ஒரு பங்கு. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது.

ஆனால் கண் ஒரு நல்ல ஏமாளி. பாதி முடி போகும்வரை வழுக்கை என்றே அதற்குத் தெரியாது. ஆகவே பழைய அடர்த்தியில் பாதியை வைத்தாலே முடி இருப்பது போலத் தெரியும். பாதி அடர்த்தி வைத்தாலும் முழு மனைக்கும் போதாது. முன்னால் நட வேண்டும். நடுவில் கொஞ்சம் வைக்க வேண்டும். உச்சிச் சுழியைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் பார்ப்பது முன்பக்கத்தைத்தான். உச்சியைப் பார்க்கிறவர் பஸ்ஸில் பின்னால் நிற்பவர். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். தாடி அடர்த்தியாக உள்ளவர்களுக்குத் தாடைக்குக் கீழேயிருந்து கொஞ்சம் கடன் வாங்கலாம். அது முரட்டு முடி. நடுவில் ஒளித்து வைக்கலாம், முன்வரிசையில் வைக்கக்கூடாது.

இதையெல்லாம் யோசித்த பிறகு எனக்கு ஏற்பட்ட எண்ணம் ஒன்று. கேட்டால் வியப்பாக இருக்கும். இந்த அறுவைக்கு 24 வயதுக்காரரைவிட 64 வயதுக்காரரே பொருத்தமானவர். இதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், 24 வயதுப் பையன் ஒருவன். முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறியிருந்தது. பெண் பார்க்கப் போகிறார்கள், அவசரம் என்றான். நானும் அவன் பள்ளிக்கூடப் புகைப்படத்தில் இருந்த அதே இடத்தில் கோடு போட்டு, நெருக்கமாக நட்டுக்கொடுத்தேன். கல்யாணம் நடந்தது, பத்திரிகை வைத்துக் கூப்பிட்டான், போய்ச் சாப்பிட்டேன். இருபது வருடம் கழித்து வந்தான். வந்தார் என்று சொல்ல வேண்டும். நான் நட்டது அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த அவர் சொந்த முடி முழுக்கப் போய்விட்டது. வெறும் மனைக்கு முன்னால் சுற்றுச்சுவர் மட்டும் கட்டி நிறுத்தியது போல! நிரப்பலாம் என்றால் நாற்றங்காலில் சரக்கு இல்லை. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அறுபது வயதில் இந்தச் சூது கிடையாது. போக வேண்டியது பெரும்பாலும் போய்விட்டது. நிற்பது எது என்று கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. எந்த எல்லைவரை காலி, எவ்வளவு சரக்கு என்று தெரிந்து நடலாம். ஆசையும் பக்குவப்பட்டிருக்கும்; இருபத்தைந்தில் 'பழையபடி வேணும்' என்பார்கள், அறுபதில் 'பார்க்கும்படி இருந்தா போதும்' என்பார்கள். நான் 'எல்லாரும்' என்று சொல்லவில்லை. 68 வயதில் ஒருவர் கல்லூரி அடையாள அட்டையைக் கொண்டுவந்து, "இந்தக் கோடுதான் வேணும்" என்று பிடிவாதம் பிடித்தார். நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனிதர். நான் கண்ணாடியைக் கொடுத்து, அவர் கேட்ட இடத்தில் கண்மையால் கோடு போட்டேன். "இப்ப விபூதி பூசிக்காட்டுங்க" என்றேன். மூன்று பட்டைக்கு இடமில்லை. இரண்டோடு நின்றது. சிரித்துவிட்டார். கோட்டை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக்கொண்டோம்.

வயதானவர் தலையில் முன்கோடு நேராக இருக்கக்கூடாது. நெற்றிப்பொட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் ஏறியிருக்க வேண்டும். முதல் வரிசையில் ஒற்றை முடிக் குத்துகளை மட்டும், கோணல்மாணலாக, நூல் பிடிக்காமல் வைக்க வேண்டும். செம்மை நெல் சாகுபடியில் ஒற்றை நாற்று நடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கயிறு கட்டாமல். எழுபது வயது முகத்துக்கு இருபது வயது முன்கோடு வைத்தால் விக் வைத்தது போலத்தான் தெரியும். காசு கொடுத்து விக்கை நட்டுக்கொண்டதாகிவிடும்.

நரையைப் பற்றிக் கேட்பீர்கள். நரை தடையே இல்லை. கறுப்பும் வெள்ளையும் கலந்த தலையில் நடுவே தெரியும் இடைவெளிகூட அவ்வளவாக உறுத்தாது. தொல்லை எங்களுக்குத்தான். வெள்ளை முடியின் வேர் பூதக்கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. வேர் தெரியாமல் தோண்டினால் அறுந்துபோகும். அதனால் முன்கூட்டியே எடுக்கும் இடத்தில் டை அடித்து வரச் சொல்வோம். டை ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்குகிற ஆட்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நட்ட பிறகு டை அடிக்க நான் ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறேன்.

முடியைவிட உடம்பு முக்கியம். இங்கே கொஞ்சம் கறாராகப் பேசுவேன். சர்க்கரைக்காரர்கள் மூன்று மாதச் சராசரி ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவர வேண்டும். எட்டுக்கு மேல் இருந்தால் நான் தொடமாட்டேன். புண் ஆறாது, சீழ் பிடிக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவீர்கள். முடி நடும்போது ரத்தம் கசியக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நிறுத்தலாமா, எப்போது என்பதை உங்கள் இதய மருத்துவர் எழுதித் தர வேண்டும். அவர் கூடாது என்றால் கூடாதுதான். மரத்துப்போக ஊசி போடும்போது ரத்தக்குழாய் சுருங்க அட்ரினலின் கலப்போம். நெஞ்சு படபடப்புக்காரர்களுக்கும், ப்ராப்ரனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகவே மாத்திரைச் சீட்டை மறைக்காதீர்கள். 'பி.பி. எல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்' என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் மூன்று அட்டை வைத்திருந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்குச் செய்யக்கூடாது? லாடமே மெலிந்துபோனவர்களுக்கு. வயதாகும்போது ஹார்மோனுக்குச் சம்பந்தமில்லாமல் தலை முழுக்கவே முடி மெலியும் வகை ஒன்று உண்டு. காதுக்கு மேலே, பிடரிக்குக் கீழேயிருந்து ஏறும் வழுக்கையும் உண்டு. அவர்களுக்கு எடுத்து நட்டாலும் நட்டதும் போய்விடும். ஆறு மாதத்துக்குள் திடீரென்று கொட்டியவர்களுக்கும் வேண்டாம்; அங்கே தைராய்டு இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், பெரிய காய்ச்சல் வந்து போயிருக்கலாம். பத்துப் பேர் வந்தால் நாலு பேரையாவது நான் திருப்பி அனுப்புகிறேன். அவர்களில் பாதிப்பேர் வேறு இடத்துக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அறுவை நாள் எப்படி இருக்கும்? மயக்க மருந்து இல்லை, மரத்துப்போகும் ஊசிதான். வலி என்றால் அந்த ஊசிகள் மட்டும்தான். அது வலிக்கத்தான் செய்யும், வலிக்காது என்று சொல்கிற டாக்டர் தன் தலையில் போட்டுப்பார்க்காதவர். 2,000 குத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். முதல் பாதி குப்புறப் படுக்க வேண்டும். கழுத்து எலும்பு தேய்ந்தவருக்கு இது பெரிய பாடு. ப்ராஸ்டேட் வீங்கியவர் ஒருமணிக்கொருதரம் எழுந்து போக வேண்டும். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு படுத்திருந்த ஒரு பெரியவருக்கு அழுத்தம் எகிறி, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதிலிருந்து முக்கால் மணிக்கொருதரம் நானே எழுப்பிவிடுகிறேன். எழுப்பும்போதும் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். உட்கார்ந்து, இரண்டு வாய் மோர் குடித்து, பிறகு நடக்க வேண்டும். கால் மரத்துக் கிடக்காமல் நடப்பதும் நல்லதுதான். இரண்டாம் பாதி மல்லாந்து படுத்தால் போதும். பழைய பாட்டு போடுவோம். பாதிப்பேர் குறட்டை விடுவார்கள்.

முதல் வாரம் பொருக்கு. நெற்றி வீக்கம் இறங்கிக் கண் இமைவரை வரும், பயப்பட வேண்டாம். மூன்றாம் வாரம் நட்டதெல்லாம் உதிரும். இதை நூறு தடவை சொல்லி அனுப்பினாலும், "எல்லாம் போச்சு டாக்டர்" என்று போன் வந்தே தீரும். முடிதான் உதிர்கிறது, வேர் உள்ளே உறங்குகிறது. மூன்று நான்கு மாதத்தில் தலைகாட்டும். முழுசாகப் பார்க்க ஒரு வருடம், உச்சியில் என்றால் இன்னும் கூடவே ஆகும்.

மாத்திரையைப் பற்றி ஒரு கதை. டொமினிகன் குடியரசில் லாஸ் சலினாஸ் என்றொரு கிராமம். அங்கே பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாகும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். இம்பரேட்டோ-மெக்கின்லி என்ற பெண் மருத்துவரின் குழு 1974-இல் அவர்களை ஆராய்ந்து, டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி ஆக்கும் நொதி அவர்களிடம் குறைவு என்று கண்டது. வளர்ந்து ஆளான பிறகும் அவர்களுக்கு ப்ராஸ்டேட் சிறியது, வழுக்கையும் இல்லை. அந்த நொதியைத் தடுக்க மருந்து செய்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து வந்ததுதான் ஃபினாஸ்டெரைடு. 1992-இல் 5 மில்லிகிராம், ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு. 1997-இல் அதே மருந்து 1 மில்லிகிராம், வழுக்கைக்கு. உங்களில் ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பவர்கள் சிலர் முடி மருந்தைத் தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்! இருக்கிற முடியைக் காப்பாற்ற இது உதவும். போன முடியை அறுபது வயதில் பெரிதாகத் திருப்பித் தராது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒரு துப்பாகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்த அளவை இது ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். இரண்டு என்று வந்தால் நான்கு என்று படிக்க வேண்டும். முடிக்காகச் சாப்பிடுகிறேன் என்று சிறுநீரக மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், அவர் இரண்டு என்றே படித்து உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மினாக்ஸிடிலும் அப்படித்தான், ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால் தலைக்குத் தடவும் மருந்தானது. இதய நோயாளிகள் அதை மாத்திரையாக விழுங்கும் புது வழக்கத்தைக் கேட்காமல் பின்பற்றாதீர்கள்.

யாரிடம் செய்துகொள்வது? 2016-இல் சென்னையில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் இறந்துபோனார். 22 வயது. அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் என்று விசாரணையில் தெரியவந்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், இதைச் செய்ய முறையாகப் பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ அறுவை மருத்துவரோ வேண்டும், பட்டறையிலும் யூடியூபிலும் பார்த்தது பயிற்சியாகாது என்று எழுத்தில் வைத்தது. ஆகவே துளை போடுவது யார், பேர் என்ன, பதிவு எண் என்ன, மாரடைப்பு வந்தால் சமாளிக்க என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம்: ஒரு குத்துக்கு இவ்வளவு என்று வசூல். ஆகவே குத்துக்கணக்கை ஏற்றிச் சொல்கிற சபலம் தொழிலில் உண்டு, என்னையும் சேர்த்துத்தான். மருத்துவக் காப்பீடு இதற்குச் செல்லாது. மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறதே என்று ஒரு ஆடிட்டர் என்னிடம் வாதாடினார். அந்த விலக்கு உத்தரவிலேயே முடி நடுவது பெயர் சொல்லி வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. பணிக்கொடையை இதில் போடாதீர்கள்.

ஒரு கேள்வி எழுதித் தந்திருக்கிறார்கள். "பழனியிலும் திருப்பதியிலும் அவ்வளவு முடி கொட்டுகிறதே, அதை நடக்கூடாதா?" நல்ல கேள்வி, எல்லாக் கூட்டத்திலும் வரும். அது அறுத்த கதிர் ஐயா, வேர் இல்லை. வேரோடு எடுத்தாலும் அடுத்தவர் வேரை உங்கள் உடம்பு தள்ளிவிடும், ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையராக இருந்தாலொழிய. சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடுகிற மாதிரி வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடத் தயாரென்றால் பேசலாம். சாமிக்குக் கொடுத்ததைச் சாமியிடமே விட்டுவிடுவோம்.

அந்த வங்கி மேலாளருக்கு 2,100 குத்து நட்டேன். முன்பக்கம் மட்டும். உச்சியை விட்டுவிட்டேன், அங்கே வட்டமாக ஒரு சின்ன வழுக்கை இருக்கிறது, அவர் வயதுக்கு அது லட்சணம்தான். பதினான்காம் மாதம் வந்தார். முடியைக் குட்டையாக வெட்டி, நேர் வகிடு எடுத்திருந்தார். அதே நாற்காலி. நான் எழுந்துபோய் மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.

வலது கை மேலே போயிற்று.

பாதி வழியில் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் அந்தரத்தில் இருந்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கிற்று. பக்கத்திலிருந்த அம்மா, "வீட்லயும் இப்படித்தான் டாக்டர். கையை எங்க வெக்கறதுன்னே தெரியல அவருக்கு" என்றார்.